குடிச்சா கல்லு இறங்குமாம்!

ஆருக்காவது பித்தக்குழாய்க்குள்ள கல்லு எண்டு எங்கட ஊர் குச்சவெளிக்குத் தெரிஞ்சா சரி. விடியிறதுக்குள்ள ஊர் முழுக்க டொக்டர்மார்.

(மிகைப்படுத்துறன் எண்டு நினைக்காதீங்கோ. முட்டை கொண்டுவாற பெடியன்கூட, சைக்கிளால இறங்காமலே ஒரு வைத்தியம் சொல்லிட்டுத்தான் போனவன்.)

எங்கட அம்மாவுக்குத்தான் கல்லு. பித்தப்பைக்குள்ள கொஞ்சம் கிடந்திருக்கு. அதில ஒண்டு நழுவி, கீழ பொதுப் பித்தக்குழாய்க்குள்ள வந்து நிண்டிட்டு. ஸ்கேனில அளந்தா 5 மில்லிமீற்றர். அவ்வளவுதான் ஆள். அதுக்கு அம்மா பட்ட பாடு இருக்கே! வலது பக்க விலாவுக்குக் கீழ பிடிச்சு, முதுகால ஏறி, தோள்மூட்டு வரைக்கும். கண் மஞ்சள். சலம் கடுந்தேத்தண்ணி நிறம். உடம்பெல்லாம் கடி. சொறிஞ்சு சொறிஞ்சே மனுசி நித்திரை இல்லாமக் கிடந்தா.

சரி, இனி எங்கட வீட்டுக்கு வந்து சேர்ந்த மருந்துகளக் கேளுங்கோ.

பக்கத்து வீட்டு ராத்தா: தேங்காய்ப்பூக்கீரை அவிச்ச தண்ணி. (சிங்களத்தில பொல்பலா. கடையில பைக்கற்றாவும் கிடைக்கும்.)

பெரிய மாமி: வாழைத்தண்டுச் சாறு, வெறுவயித்தில.

சின்னம்மா: கீழ்க்காய்நெல்லி, பால் விட்டு அரைச்சு. கண் மஞ்சள்தானே, அப்ப செங்கமாரிதானே, அதுக்கு இதுதானே.

கனடா மச்சாள்: ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சம்புளியும். (இதப்பற்றித் தனியாக் கதைக்க வேணும். இந்தப் பதிவு எழுதவே காரணம் இதுதான். கொஞ்சம் பொறுங்கோ.)

உயர்தரத்தில உயிரியல் படிக்கிற மருமகன்: "தம்சுலோசின் எண்டு ஒரு குளிசை இருக்கு மாமி, கல்லுத் தள்ளும்." அவன்ர சிநேகிதன்ர தகப்பனுக்குக் குடுத்ததாம்.

எல்லாரும் அன்பாலதான் சொல்லுறாங்க. அதுதான் வில்லங்கமே. கோவிக்கவும் ஏலாது, குடிக்கவும் ஏலாது.

நான் என்ன செய்தன்? ஒவ்வொண்டையும் எடுத்து வச்சு, 'இது போய் எந்தக் குழாய்க்குள்ள என்ன செய்யும்?' எண்டு கேக்கத் தொடங்கினன். டொக்டரக் கேட்டன், தெரிஞ்ச ஒரு நேர்ஸ் அக்காவக் கேட்டன், இராவில போனை வச்சு நோண்டினன்.

முதல் விசயம் உடன விளங்கிச்சு. மேல சொன்ன வைத்தியத்தில பாதி சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லுறது. தேங்காய்ப்பூக்கீரை, வாழைத்தண்டு, தம்சுலோசின் மூண்டும் அந்தப் பக்கத்து ஆக்கள். குடிக்கிற தண்ணி இரத்தத்தில சேர்ந்து, சிறுநீரகத்தால வடிஞ்சு, சலமாப் போகுது. சலம் கூடினா அந்தக் குழாய்க்குள்ள ஓட்டமும் கூடும். அது சரி. ஆனா சலம் பித்தக்குழாயால போறேல்ல பாருங்கோ! அம்மா ஒரு வாளி வாழைத்தண்டுச் சாறு குடிச்சாலும் அந்த 5 மில்லிமீற்றர்க் கல்லுக்கு அது தெரியவே தெரியாது. அதுக்கு மேல, தம்சுலோசின் சிறுநீர்க்குழாய்க் கல்லையே தள்ளுதா எண்டு பிரித்தானியாவில பெரிசா ஒரு ஆராய்ச்சி செய்து 2015இல முடிவு வந்தது. மருந்தில்லாத வெறுங்குளிசை குடிச்ச ஆக்களுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். மருமகனுக்கு அனுப்பி வச்சன். 'ம்ம்' எண்டு ஒரு பதில் வந்தது.

கீழ்க்காய்நெல்லியச் சும்மா தள்ளிவிட ஏலாது. அதுக்கு மரியாதையான ஒரு வரலாறு இருக்கு. 1988இல சென்னையில எஸ். பி. தியாகராஜன் குழு, ஹெப்படைட்டிஸ் பீ வைரசைக் காவித் திரியிற ஆக்களுக்கு அதைக் குடுத்துப் பாத்து, 'லான்செற்' சஞ்சிகையில எழுதினாங்க. மருந்து குடிச்ச ஆக்களில 59 வீதம் பேருக்கு இரத்தத்தில அந்த வைரஸின்ர அடையாளம் இல்லாமப் போச்சாம், வெறுங்குளிசை எடுத்த பக்கம் 4 வீதம்தான். உலகமே திரும்பிப் பாத்தது. பிறகு வேற இடங்களில செய்து பாத்தா அந்த முடிவு அப்பிடியே வரேல்ல. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். அது வைரஸ் செங்கமாரி, ஈரலுக்குள்ள நோய். அம்மாவுக்கு ஈரல் ஒழுங்கா வேலை செய்யுது, வெளிய போற வழி அடைச்சுக் கிடக்கு. கண் மஞ்சளாகிறது ரெண்டிலயும் ஒண்டுதான். வைத்தியம் ஒண்டில்ல.

(சித்த வைத்தியத்தை நக்கலடிக்கிறன் எண்டு ஆரும் சண்டைக்கு வராதீங்கோ. எங்கட திருகோணமலை வளாகத்தில, கோணேசபுரியில, பல்கலைக்கழகப் படிப்பாவே சித்த மருத்துவம் படிப்பிக்கிறாங்க. படிச்ச வைத்தியர் ஒருவர் நாடி பிடிச்சுப் பாத்துச் சொல்லுறது வேற. மதிலுக்கு மேலால சின்னம்மா சொல்லுறது வேற.)

இப்ப குழாய்க்கு வருவம்.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கும் ஒரு லீற்றருக்கும் இடையில பித்தம் சுரக்குது. பித்தப்பை பிடிக்கிறது 30 முதல் 50 மில்லிலீற்றர்தான். அதுக்குள்ள தண்ணிய உறிஞ்சி, பித்தத்தைத் தடிப்பாக்கி வச்சிருக்கும். நாங்க பொரிச்ச மீனையோ பால்சொதியையோ உள்ள விட்டவுடன, குடலில இருந்து ஒரு ஓமோன் போய்ச் சொல்ல, பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். பித்தம் வாற குழாய் கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர் அகலம். அது முன்சிறுகுடலுக்குள்ள திறக்கிற இடத்தில வட்டமா ஒரு தசை பூட்டு மாதிரிக் கிடக்கு. ருஜ்ஜேரோ ஒட்டி எண்ட இத்தாலிக்காரர், மருத்துவம் படிக்கிற காலத்திலயே, 1887இல அதை விவரிச்சு எழுதினவர். அதால அந்தத் தசைக்கு 'ஒட்டி' எண்டே பேர். (கல்லு ஒட்டிக்கொண்டு நிக்கிறதும் அங்கதான். எங்கட தமிழுக்கு வசதியாப் போச்சு.) சதையியின்ர குழாயும் அதே வாசலாலதான் வெளிய வருது. அதாலதான் அங்க கல்லு நிண்டா சதையியும் சேர்ந்து அழறும். அது உயிருக்கே உலை.

அப்ப கேள்வி என்ன? மருந்து குடுத்து அந்தக் கல்லை வாசலால வெளிய அனுப்ப ஏலுமா?

சும்மா சொல்லக்கூடாது, மனுசர் இதுக்குக் கனக்கப் பாடுபட்டிருக்கிறாங்க. ரெண்டு வழி: ஒண்டு கரைக்கிறது, மற்றது தள்ளுறது.

கரைக்கிற கதை

அம்மாவுக்கு எழுதித் தந்தது ஊர்சோ டீஒக்சி கோலிக் அமிலம். (வாயில நுழையாது. பாமசியில 'ஊர்சோ' எண்டா விளங்கும்.) பாமசிப் பெடியன் சிரிச்ச முகத்தோட, "இது கல்லைக் கரைக்கிற குளிசை அன்ரி, ஒரு மூண்டு மாசம், சரி" எண்டான்.

வீட்ட வந்து வாசிச்சா, அது அப்பிடி ஒரு சின்னக் கதையே இல்ல.

கரடிப் பித்தத்தில தொடங்குது அந்த மருந்து. சீன வைத்தியத்தில கரடிப் பித்தம் ஆதிகாலத்து மருந்து. 1902இல சுவீடன்காரர் ஹமர்ஸ்டன் துருவக் கரடியின்ர பித்தத்தில இந்த அமிலத்தைக் கண்டார். 1927இல யப்பானில, ஒகயாமாவில, ஷோடா எண்டவர் கரடிப் பித்தத்தில இருந்து அதைத் தனியாப் பிரிச்சு எடுத்துப் பேரும் வச்சார். 'ஊர்சஸ்' எண்டா இலத்தீனில கரடி. இப்ப கரடியப் பிடிக்கிறேல்ல. மாட்டுப் பித்தத்தில இருந்து எடுக்கிற இன்னொரு அமிலத்தைத் தொழிற்சாலையில மாத்திச் செய்யிறாங்க.

(இந்த மாட்டு விசயம் அம்மாவுக்குத் தெரியாது. அவ வெள்ளிக்கிழமையில மச்சம் தொடாதவ. தயவுசெய்து ஆரும் போய்ச் சொல்லிவைக்காதீங்கோ.)

அது கரைக்கும். ஆனா எல்லாத்தையும் கரைக்காது. கொலஸ்ட்ரோல் கல்லா இருக்க வேணும், சுண்ணாம்பு ஏறியிருக்கக் கூடாது, சின்னனா இருக்க வேணும், பித்தப்பை ஒழுங்காச் சுருங்கி விரிய வேணும். இவ்வளவும் பொருந்தினாலும் ஆறு மாசம் முதல் ரெண்டு வருசம் வரைக்கும் குடிக்க வேணும். குடிச்சுக் கரைஞ்ச ஆக்களிலயும் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஐஞ்சு வருசத்துக்குள்ள கல்லு திரும்பி வருது. இதுக்கு முன்னம் வந்த அண்ணன்காரன் ஒண்டு இருந்தது, கீனோ எண்டு. அமெரிக்காவில அதை ரெண்டு வருசம் குடுத்து 1981இல முடிவு சொன்னாங்க: கூடின அளவு குடிச்ச ஆக்களில முழுசாக் கரைஞ்சது 13.5 வீதம் பேருக்கு மட்டும்.

இன்னொண்டு. கல்லு எல்லாம் ஒரே சாதி இல்ல. வட இந்தியாவில கொலஸ்ட்ரோல் கல்லுக் கூட, தென்னிந்தியாவில நிறமிக் கல்லுக் கூட எண்டு அங்க ஆராய்ஞ்ச ஆக்கள் எழுதியிருக்கிறாங்க. பித்தக்குழாய்க்குள்ளயே பிறக்கிற கல்லு பெரும்பாலும் மண்ணிற நிறமிக் கல்லு. கிருமியும் தேங்கின பித்தமும் சேர்ந்து செய்யிற வேலை அது. நிறமிக் கல்லை ஊர்சோ தொடாது. அம்மாவின்ர கல்லு எந்தச் சாதி? எடுத்துப் பாக்காம ஆருக்குத் தெரியும்!

அப்ப ஏன் எழுதித் தந்தவர்? கேட்டன். "பித்தம் கொஞ்சம் இலகுவா ஓடும், குடிக்கட்டும். ஆனா இதை நம்பி இருக்காதீங்க, மற்றச் சோதனைக்குப் போகவேணும்" எண்டார். நேர்மையான பதில். பெரிய கல்லு வந்து, வயசுபோய், வாயால விடுற கமராக் குழாயாலயும் எடுக்க ஏலாத ஆக்களுக்குப் பித்தக்குழாய்க்குள்ள ஸ்ரென்ற் எண்ட சின்ன ரியூப் வச்சுட்டு இந்த ஊர்சோவும் குடுத்துப் பாத்திருக்கிறாங்க. 2009இல கொரியாவில செய்தவங்க, இதோட தேர்ப்பீன் எண்ணெயும் சேர்த்துக் குடுத்தா கல்லு சின்னனாகி எடுக்கச் சுகமா இருக்கு எண்டாங்க. அதுக்கு முதல் வருசம் கிரேக்கத்தில ஸ்ரென்றோட ஊர்சோவ மட்டும் குடுத்துப் பாத்தவங்களோ, வெறுங்குளிசைக்கும் அதுக்கும் வித்தியாசம் காணேல்ல எண்டாங்க. இழுபறிதான்.

அந்தத் தேர்ப்பீன் எண்ணெய் எண்டு சொன்னது றோவாக்கோல் எண்ட கப்சூல். அயர்லாந்துச் சரக்கு. மெந்தோல், சினியோல், பைனீன் எண்டு வாசனைச் சாமான் எல்லாம் சேர்ந்த கலவை. (மணத்துக்குச் சித்தாலேப முன்னால நிக்க ஏலாது போல.) 1981இல பிரித்தானியாவில பெல், எல்லிஸ் எண்ட ரெண்டு பேர் இதைப் பித்தக்குழாய்க் கல்லுக்கே குடுத்துப் பாத்து எழுதினாங்க. சில பேருக்குக் கல்லு மறைஞ்சது உண்மை. ஆனா சின்னக் கூட்டம். அதை வச்சு ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கக் காணாது.

தள்ளுற கதை

இதுதான் எனக்கு நல்லாப் பிடிச்ச பகுதி.

1970களில சீனத்தில 'முழுத் தாக்குதல்' எண்டே ஒரு வைத்தியம் நடந்தது. பேரைப் பாருங்கோ! சீன மூலிகையும் மேலைநாட்டு மருந்தும் கலந்தது. உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொன்னா, மட்டக்களப்புப் பக்கம் மாரியில ஆற்றுவாய் வெட்டுறது தெரியும்தானே? களப்பு வாயை மணல் மூடிக் கிடக்கும். மழைத்தண்ணி உள்ள ஏற ஏறப் பாத்துக்கொண்டு நிப்பாங்க. நல்லாப் பெருகினாப் பிறகு மணலை வெட்டினா, தண்ணி தன்ர பலத்திலயே எல்லாத்தையும் அடிச்சுக்கொண்டு கடலுக்கு ஓடும். அதேதான். முதல்ல மோர்பின் குத்துவாங்க, வாசல் தசை இறுகிப் பூட்டும். பித்தத்தைக் கூட்டுற மூலிகைக் கசாயம் குடுப்பாங்க, உள்ளுக்குப் பித்தம் பெருகும். அமுக்கம் ஏறினவுடன அமைல் நைத்திரைற்றை மணக்கக் குடுப்பாங்க, மக்னீசியம் சல்பேற் குடுப்பாங்க, வாசல் தளரும். அதோட கொழுப்பான முட்டைச் சாப்பாடு, பித்தப்பை சுருங்கித் தள்ளட்டும் எண்டு. அதுக்கு மேல மின்சாரம் விட்ட அக்குபங்சர் ஊசியும். பிறகு மலத்தில கல்லுத் தேடுறது.

வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, மதிப்பும் வந்தது. மூளை பாவிச்சிருக்கிறாங்க. ஆனா களப்பு வாயில மணல்தான் கிடக்கு. பித்தக்குழாய் வாயில பெரிய கல்லுக் கிடந்தா? பூட்டின குழாய்க்குள்ள அமுக்கத்தை ஏத்தினா, அதுக்குள்ள கிருமி இருந்தா இரத்தத்துக்குத்தான் ஏறும். சின்னக் கல்லுக்காரர் தப்பிச்சிருப்பாங்க. மற்ற ஆக்கள நினைச்சா வயித்தைக் கலக்குது.

தசையத் தளர்த்திற பகுதி மட்டும் இண்டைக்கும் உயிரோட இருக்கு. அம்மாவுக்கு நோ எண்டு போனவுடன போட்ட புஸ்கோபான் ஊசி அந்த வேலைதான். நோவைத் தணிக்க டைக்குளோபினக்கும் போட்டாங்க. இருதயக்காரர் நாக்குக்குக் கீழ வைக்கிற நைத்திரோகிளிசரின் தெரியும்தானே? 1984, 85இல ஜெர்மன்காரர் சில பேர் அதை வச்சு ஒட்டித் தசையத் தளர்த்தி, வெட்டாமலே கமராக் குழாயால கல்லெடுத்துக் காட்டினாங்க. இதில கவனியுங்கோ: தசையத் தளர்த்தினது மருந்து, கல்லை எடுத்தது கமராக் குழாயால விட்ட கூடை. மருந்து தனிய எடுக்கேல்ல.

ஒலிவ் எண்ணெய் மச்சாள்

இப்ப வாங்கோ.

அந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். ஐஞ்சு நாள் அப்பிள் யூஸ், ஆறாம் நாள் இராச்சாப்பாடு இல்ல, பின்னேரம் எப்சம் உப்பு, படுக்க முன்னம் அரைக் கப் ஒலிவ் எண்ணெயும் அரைக் கப் எலுமிச்சம்புளியும். விடியப் பச்சைப் பச்சையாக் கல்லு வருமாம். (உப்பளத்துக்குப் பக்கத்தில குடியிருக்கிற எங்களுக்கே உப்பு விக்கப் பாக்கிறாங்க.) மச்சாள் செய்தும் பாத்திட்டா. படமும் அனுப்பினா. சாப்பிடுற நேரத்தில. நாற்பது, ஐம்பது பச்சை உருண்டை, சிலது கோலிக்குண்டு அளவு. ஒரு போத்தலில போட்டு பிறிட்ஜில வேற வச்சிருக்கிறா, டொக்டருக்குக் காட்ட.

எனக்கு முதல் வந்த கேள்வி: 6 மில்லிமீற்றர்க் குழாயால கோலிக்குண்டு எப்பிடி இறங்கினது?

ரெண்டாவது கேள்வி: அப்ப அந்தப் பச்சை உருண்டை என்ன? அதுக்கு நியூசிலாந்தில பதில் இருந்தது. ஹமில்ரன் நகரத்தில 40 வயசுப் பெண் ஒருத்தர் இதே வைத்தியம் செய்து, கல்லைக் கொண்டுவந்து டொக்டர்மாரிட்டக் குடுத்தவ. சீஸ், புரூக்கர் எண்ட ரெண்டு பேர் சோதிச்சுப் பாத்து 2005இல லான்செற்றில எழுதினாங்க. அதில கொலஸ்ட்ரோலும் இல்ல, பித்த நிறமியும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல. 75 வீதம் கொழுப்பமிலம். 40 பாகைச் சூட்டில பத்து நிமிசம் வச்சா பச்சை எண்ணெயா உருகிப் போகுது! விசயம் என்னெண்டா, குடிச்ச எண்ணெய வயித்தில இருக்கிற நொதியம் உடைக்க, அது எலுமிச்சம்புளியில இருக்கிற பொட்டாசியத்தோட சேர்ந்து சவுக்காரக் கட்டியாத் திரளுது. கடையில வாங்கின எண்ணெய வயித்துக்குள்ள விட்டுச் சவுக்காரம் செய்து வெளிய எடுத்திருக்கிறாங்க. அவ்வளவுதான் வைத்தியம்.

நான் மச்சாளுக்குப் போன் எடுத்தன். "மச்சாள், ஒண்டே ஒண்டை எடுத்து வெதுவெதுத் தண்ணிக்குள்ள போடுங்கோ, நான் லைனில நிக்கிறன்." அவவுக்குச் சந்தேகம், ஆனா போட்டா. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிறகு மெல்லிய குரலில, "உருகுதடி."

உடம்புச் சூடே 37 பாகை. 40இல உருகிற சாமான் உள்ளுக்கு வருசக்கணக்காக் கல்லா இருந்தது எண்டா, ஆரு நம்புறது!

மச்சாளுக்குப் பித்தப்பையில கல்லு உண்மையாவே இருக்கு. அதில எனக்குக் கவலை கூட. அந்தளவு எண்ணெய ஒரேயடியா விட்டா பை பலமாச் சுருங்கும். சின்னக் கல்லு ஒண்டு நழுவிக் குழாய்க்குள்ள போய்ச் சிக்கினா, இல்லாத வருத்தத்தைக் காசு குடுத்து வாங்கினதாப் போகும்.

சாப்பாடு

அம்மாவுக்குச் சோதனைக்கு நாள் வரும்வரைக்கும் கொழுப்புக் குறைக்கச் சொன்னாங்க. கொழுப்புக் குறைச்சாக் கல்லுப் போகாது. நோ எழும்பிறது குறையும், அதுதான் நோக்கம். (அதுக்காகப் பட்டினி கிடக்கவும் கூடாது. கடகடெண்டு உடம்பு மெலிஞ்சாலும் பித்தக்கல்லு வரும்.)

தேங்காய் இல்லாம குச்சவெளியில ஒரு குசினி! யோசிச்சுப் பாருங்கோ. பிட்டுக்குத் தேங்காய்ப்பூவுக்குப் பதிலா கரட் துருவிப் போட்டன். அம்மா பிட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, சாப்பிட்டா. மீனைப் பழப்புளியில அவிச்சன், பாரை அதுக்கு நல்லா ஒத்துவந்தது. சொதிதான் பேய்க்காட்டினது. ஆடை எடுத்த மாட்டுப்பால் விட்டன், தேசிப்புளி விட்டவுடன திரைஞ்சு போச்சு. மூண்டாம் பால் மட்டும் விட்டன், கழுநீர் குடிச்ச மாதிரி எண்டா. கடைசியா மைசூர்ப் பருப்பைக் குழைய அவிச்சு, அந்தத் தண்ணிய வடிச்செடுத்து, மஞ்சள், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டுக் கொதிக்கவிட்டு, இறக்கிப் புளி விட்டன். வெறுஞ்சட்டியில வறுத்த வெந்தயம் கொஞ்சம். நிறமும் தடிப்பும் சொதிதான். இப்ப எங்கட வீட்டில வருத்தம் இல்லாத ஆக்களும் அதையே கேக்கிறாங்க.

பிறகு என்ன நடந்தது?

வேற மாவட்டத்தில எம்.ஆர்.சி.பி. எண்ட, பித்தக்குழாயப் படம் பிடிக்கிற ஸ்கேன் எடுத்தம். எடுத்தா, குழாய்க்குள்ள கல்லு இல்ல!

ஓம். போயிட்டு. எப்ப போச்சு, எப்பிடிப் போச்சு, ஒருத்தருக்கும் தெரியாது. கண் மஞ்சளும் வடிஞ்சிருந்தது. கமராக் குழாயால கல்லெடுக்கிற ஈ.ஆர்.சி.பி. தேவையில்லாமப் போச்சு.

அதுக்குப் பிறகு ஊரில நடந்ததுதான் கூத்து. "பாத்தியா, என்ர தேங்காய்ப்பூக்கீரை" எண்டா ராத்தா. (எனக்குத் தெரியாம அம்மா குடிச்சிருக்கிறா!) பெரிய மாமி கோணேசருக்கு நேர்த்தி வச்சவவாம். பாமசிப் பெடியனுக்கு ஊர்சோ. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை, பருப்புச் சொதியோ எண்டு.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. அதுவும் ஒரு பழத்துக்கு நாலு காகம்.

அயர்லாந்தில கோர்க் நகரத்து ஆய்வு ஒண்டு, 2004இல வந்தது. பித்தப்பை எடுக்கேக்க 46 பேருக்குக் குழாய்க்குள்ள கல்லு மாதிரித் தெரிஞ்சிருக்கு. உடன எடுக்கேல்ல. சின்ன ரியூப் ஒண்டை உள்ள விட்டு வச்சு, திரும்பத் திரும்பப் படம் பிடிச்சுப் பாத்தாங்க. 48 மணித்தியாலத்தில 12 பேருக்கு ஒண்டும் தெரியேல்ல. ஆறு கிழமையில இன்னும் 12 பேருக்குக் கல்லைக் காணேல்ல. மிச்சம் 22 பேருக்குத்தான் ஈ.ஆர்.சி.பி. செய்து எடுக்க வேண்டி வந்தது. கசாயமும் இல்ல, ஒலிவ் எண்ணெயும் இல்ல. தன்ர பாட்டில போயிருக்கு.

இப்ப விளங்குதா இந்த வைத்தியமெல்லாம் ஏன் சாகாம வாழுது எண்டு? கல்லு கொஞ்சப் பேருக்குத் தானாவே இறங்கும். அந்த நேரம் பாத்து வயித்துக்குள்ள எது இருந்ததோ, அதுக்குப் பேர். இறங்காமச் செத்துப் பிழைச்சவன் வந்து 'உங்கட சாறு சரிவரேல்ல' எண்டு ஒரு நாளும் சொல்லான். அவன் வாட்டில கிடப்பான்.

என்ர முடிவு இதுதான். பித்தக்குழாய்க் கல்லை இறக்கவெண்டு நம்பிக் குடிக்கக்கூடிய மருந்து இண்டைக்கு இல்ல. நோவைத் தணிக்க இருக்கு, தசையத் தளர்த்த இருக்கு, கிருமிக்கு அன்ரிபயோட்டிக் இருக்கு, ஒருசில கல்லைக் கரைக்க வருசக்கணக்கில ஊர்சோ இருக்கு. கல்லை எடுக்கிறது ஈ.ஆர்.சி.பி. தான். 1974இல யப்பானிலயும் ஜெர்மனியிலயும் கமராக் குழாயால அந்த ஒட்டித் தசைய வெட்டத் தொடங்கினாப் பிறகுதான் வயித்தைக் கிழிக்காமலே கல்லெடுக்கிற காலம் வந்தது. அதிலயும் ஆபத்து இல்லாம இல்ல, நூறில சில பேருக்குச் சதையி அழறும். தேவையில்லாம ஏன் செய்வான் எண்டுதான் முதல் எம்.ஆர்.சி.பி. எடுத்துப் பாக்கிறாங்க. இங்கிலாந்தின்ர 2014 வழிகாட்டி, குழாய்க்குள்ள கல்லு இருந்தா நோ இல்லாட்டியும் எடுக்கத்தான் சொல்லுது. இறங்கும் எண்டு பந்தயம் பிடிக்கச் சொல்லேல்ல.

அம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடிச்சது, அவ்வளவுதான். பித்தப்பைக்குள்ள மிச்சக் கல்லு இருக்கு. பைய எடுக்க நாள் குடுத்திருக்கிறாங்க. "அதுதான் போயிட்டே, பிறகென்னத்துக்கு வெட்டு?" எண்டு மாமி கேக்கிறா. அடுத்த கல்லும் இப்பிடி மரியாதையா வெளிய போகும் எண்டு ஆரும் எழுதித் தருவாங்களோ மாமி?

ராத்தாவின்ர தேங்காய்ப்பூக்கீரைய நான் தடுக்கேல்ல. டொக்டரிட்டச் சொல்லிட்டுக் குடிக்கட்டும். குச்சவெளி வெயிலுக்கு நல்ல தண்ணிதான்.

ஒண்டு மட்டும் மனசில பதிச்சு வையுங்கோ. நோவோட கண் மஞ்சளாகி, குளிர் நடுங்கிக் காய்ச்சலும் வந்தா, குழாய்க்குள்ள கிருமி ஏறிட்டு எண்டு அர்த்தம். சார்க்கோ எண்ட பிரெஞ்சு டொக்டர் 1877இலயே எழுதி வச்ச மூண்டு அடையாளம் அது. அந்த இராவில கசாயமும் வேண்டாம், கூகிளும் வேண்டாம், இந்தப் பதிவும் வேண்டாம். 1990க்கு அடிச்சு அம்புலன்சக் கூப்பிடுங்கோ. குச்சவெளியில இருந்து திருகோணமலைக்கு ரோட்டு நல்லாத்தான் கிடக்கு.